உடல் கிடைக்காத அண்ணி

1.

இந்தக் கதை தக்காளியில் தொடங்கியது. தப்பு என்னுடையது.

நகராட்சிக் கூட்டத்தில் அண்ணி பேசிக்கொண்டிருந்தார். பேருந்து நிலையத்துப் பெண்கள் கழிப்பறையைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள், திறந்துவிடுங்கள் என்பது கோரிக்கை. பேச்சு நான் எழுதியது. அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, வரி வரியாக மெல்லிய குரலில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சித் தொடர்களில் அப்படித்தான்: கேமராவுக்கு இந்தப் பக்கம் ஒருவர் வசனத்தைப் படிக்கப் படிக்க, அந்தப் பக்கம் நடிகை அதையே சொல்லி அழுவார். அண்ணிக்குப் பல வருடங்களாக அந்த ஒருவர் நான்தான். காதில் விழுந்தது வாயில் வந்துவிடும். நடுவில் மூளைக்கு வேலையில்லை.

அப்போது பார்த்து என் மனைவி போன் செய்தாள்.

"ஆணையர் அவர்களே!" அண்ணி கண்ணில் நீர் தளும்ப முழங்கினார். "சரி, சரி! வரும்போது தக்காளி வாங்கிட்டு வரேன்! கத்தாதே!"

அரங்கமே எழுந்து கைதட்டியது. ஆணையர் குறித்துக்கொண்டார்.

2.

(வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன். "தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்த அந்த வேளையில், ஒரு பெண்..." வேண்டாம், எந்த விளக்கும் அணையவில்லை, பட்டப்பகல். "சமூகம் என்பது யாதெனில்..." இதை எழுதியதும் நானே எழுந்து போய்விட்டேன். வாசகரை என்ன சொல்ல?)

அண்ணி யாரென்று சொல்லவில்லையே. நான் எழுதிய தொடரின் வில்லி. மாமனாரின் மாத்திரையை மாற்றி வைத்து, அந்தப் பழியைக் கைக்குழந்தை மேல் போட்டவர். ஊரே அவரை அண்ணி என்றுதான் கூப்பிடும். கூடப்பிறந்த அண்ணனும் அப்படித்தான். கணவர் ஒருமுறை வாய்தவறிக் கூப்பிட்டுவிட்டு ஒரு வாரம் ஹோட்டலில் சாப்பிட்டார்.*

* மிகைப்படுத்திவிட்டேன். ஒரு வேளைதான்.

3.

அவர் பொதுக்காரியத்துக்கு எப்படி வந்தார்? இங்கே உருக்கமாக ஒரு பத்தி இருந்தது. அண்ணி படித்துப் பார்த்தார்.

"ஏன் வசனம்," (என்னை அப்படித்தான் கூப்பிடுவார்) "எனக்குள்ள தீப்பொறி விழுந்துச்சுன்னு எழுதியிருக்கே. எனக்கு ஒண்ணுக்கு வந்துச்சு. அவ்ளோதான்."

சரி, நடந்ததையே எழுதுகிறேன். படப்பிடிப்பு வண்டி பழுதாகி, அண்ணி முழு ஒப்பனையோடு பேருந்து நிலையத்தில் மாட்டிக்கொண்டார். கழிப்பறையில் பூட்டு. வாசலில் பெண்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள்.

"அடிப்பாவி," என்றாள் ஒரு பழக்காரி, "பச்சப்புள்ள மேல பழி போட்டியே, நீ விளங்குவியா?"

"அப்புறம் திட்டு. சாவி யாருகிட்ட?"

"காவலாளிகிட்ட. கேட்டா தொலைஞ்சுபோச்சுங்கறான்."

அண்ணி அவனிடம் போய் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இடது புருவத்தைத் தூக்கினார். தொடரில் அந்தப் புருவம் தூக்கினால் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். தொலைந்த சாவி அவன் சட்டைப்பையிலேயே கிடைத்தது.

மறுநாள் மறுபடி பூட்டு. மறுபடி அண்ணி. பிறகு நடைபாதை, தெருவிளக்கு, உடைந்த சாக்கடை மூடி என்று வளர்ந்தது. குறைகேட்கும் நாள் வந்தால் படப்பிடிப்புக்கு மட்டம். தயாரிப்பாளர் பொறுமை இழந்தார். நான் அண்ணியின் காரை மலையிலிருந்து உருட்டிவிட்டேன். (தொடரில்தான், பதறாதீர்கள்.) உடல் கிடைக்கவில்லை என்று எழுதி வைத்தேன். எங்கள் தொழிலில் யாரையும் முழுசாகச் சாகடிப்பதில்லை.

4.

தக்காளிக் காணொளி எல்லாக் கைபேசியிலும் ஓடியது. தயாரிப்பாளர் என்னை அழைத்தார்.

"உடல் கிடைக்கலைன்னுதானே எழுதினே? கிடைச்சிடுச்சுன்னு எழுது. உயிரோட."

"வருவாங்களா சார்?"

"வர வை. ஆனா கக்கூஸ் போராட்டமெல்லாம் கூடாது. வில்லிக்கு நல்ல பேரு வந்துட்டா எவன்யா பார்ப்பான்? அவங்க வரலைன்னா தொடரை மூடறேன். நீயும் வீட்டுக்குப் போ."

நகராட்சியிலோ, கழிப்பறையை இடித்துக் கடை கட்டலாமா என்று ஒரு பேச்சு. அடுத்த கூட்டத்தில் முடிவு. அண்ணி வாயை மூடினால் கடைதான்.

அவர் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேஜையில் பதாகை எழுதிக்கொண்டிருந்தார். கணவர் பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணி, திரும்ப நடிக்க வருவீங்களா?"

"காலம் பதில் சொல்லும்."

"அது நான் எழுதின வசனம்."

"விதி யாரை விட்டது?"

"அதுவும்!"

"அப்ப நல்லாத்தானே எழுதியிருக்கே," என்றார் கணவர்.

அதற்குப் பிறகு எத்தனை முறை போனாலும் இதே கதை. நான் கேட்பேன், அவர் என் சரக்கையே எனக்குத் திருப்பிக் கொடுப்பார்.

5.

ஆகவே முடிவுகளை நானே தயாரித்தேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

(அ) அண்ணி வருகிறார். தொடர் ஓகோவென்று ஓடுகிறது. பேருந்து நிலையத்தில் கைபேசி உறை விற்கும் கடை. பழக்காரி கால் மாற்றி... இதை முடிக்க மனம் வரவில்லை.

(ஆ) வரவில்லை. கழிப்பறை திறக்கிறது. வேலையில்லாத எழுத்தாளர் ஒருவர் தன் மனைவியிடம்... இதற்குத் தைரியம் வரவில்லை.

(இ) அண்ணிக்கு ஓர் இரட்டைச் சகோதரி! ஒருத்தி நடிக்கிறாள், ஒருத்தி போராடுகிறாள். எனக்குப் பிடித்தது இதுதான். வெட்கமாகத்தான் இருக்கிறது.

(இ)-யை அவரிடம் படித்துக் காட்டினேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். கணவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் கேட்டேன்.

"விளையாடாம சொல்லுங்க அண்ணி. வருவீங்களா, மாட்டீங்களா?"

தூரிகையைத் துடைத்து வைத்தார். புருவம் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

"வரமாட்டேன், வசனம். உன் வேலை போயிடும்னு தெரியும். அதை நெனச்சுத்தான் இத்தனை நாளா சொல்லாம இழுத்தடிச்சேன். இருந்தாலும் வரமாட்டேன்."