பழங்கிழங்கு

இடப்பக்கம் கழுவுவதற்காக உடலைப் புரட்டிய உம்மு ராஜிஹ், சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். அலெக்ஸாந்திரியாவின் அந்தத் தெருவில் இறக்கும் பெண்களையெல்லாம் குளிப்பாட்டுகிறவள் அவள்தான்.

"கால எப்ப எடுத்தாங்க?"

"ஒம்பது நாளாச்சு," என்றாள் நாஹித். தாயின் முழங்காலைத் தாங்கியிருந்தாள்.

"ஒம்பதா? காலையில வெட்டுன மாதிரியில்ல இருக்கு!"

தையல்களுக்கிடையே வெட்டின் விளிம்புகள் ஈரமாக விலகிக் கிடந்தன.

வாசலருகே கற்பூரம் பொடித்துக்கொண்டிருந்த தங்கை ஸுஹைர் நிமிராமலே சொன்னாள்: "அக்காகிட்ட கேளுங்க. உருளைக்கிழங்குக்கு ஒரே நாள்ல ஆறிடுமாம்."

"வாய மூடுடி. மய்யித்துக்குக் காது கேக்கும்," என்ற உம்மு ராஜிஹ், இறந்தவளின் முகத்தைத் துடைத்தாள். "இன்ஷிராஹ், தண்ணி சூடு பத்தலன்னு இந்நேரம் என்னத் திட்டித் தீத்திருப்பியே."



பதினோராண்டுகளாக நாஹித் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வகத்தில் உருளைக்கிழங்கை வில்லைகளாக அறுத்து வருகிறாள். அறுத்தவுடன் சதை உறங்குவதுபோலிருக்கும். காற்றோட்டமுள்ள நீரில் ஒரு நாள் கிடந்தால், பட்ட காயமே அதை எழுப்பிவிடும். முன்னிலும் பல மடங்கு புரதத்தைப் புதிதாகக் கட்டத் தொடங்கும். காலை எடுத்தால் பிழைக்கலாம், எடுக்காவிட்டால் வலிமருந்தோடு சில மாதங்கள் என்று மருத்துவர் முடிவை வீட்டாரிடம் விட்டபோது, அவள் இதைத்தான் தாயிடம் சொன்னாள்.

"இருக்கப்போறது கொஞ்ச நாள். ரெண்டு காலோடயே போயிடறேன் மகளே," என்றாள் உம்மா.

"வெட்டுனாத்தான் உம்மா உடம்பு முழிச்சுக்கும். நான் தினம் கண்ணால பாக்குறேன்."

மகளின் படிப்பை ஒருநாளும் சந்தேகிக்காதவள் கைநாட்டு வைத்தாள்.

நாஹித்தின் குறிப்பேட்டில் இன்னொரு பத்தி இருந்தது. பத்து மாதம் கிடங்கில் கிடந்து முதிர்ந்த கிழங்குகள்: வெட்டினாலும் அவை பெரும்பாலும் எழவில்லை. நம்பாமல் நான்கு முறை செய்து பார்த்தாள். நான்கு முறையும் அதே விடை. உம்மாவிடம் அவள் சொன்னது இளங்கிழங்கைப் பற்றி மட்டுமே.

"கசியுது. கஃபன் துணி நனைஞ்சிடும். பஞ்சு வச்சுக் கட்டுங்க," என்று கட்டுத்துணியை நீட்டிவிட்டு, உம்மு ராஜிஹ் கற்பூரத்தைக் கரைக்கப் போனாள்.

ஸுஹைர் வந்து எதிரே குந்தினாள். அழுது வீங்கிய முகம்.

"கோவத்துல சொல்லிட்டேன் அக்கா. மனசுல வச்சுக்காத."

நாஹித் பஞ்சை அழுத்தினாள்.

"உனக்குத் தெரிஞ்சதத்தான சொன்ன? ஆறாதுன்னு தெரிஞ்சிருந்தா நீ சொல்லியிருப்பியா?" என்று கேட்டாள் தங்கை.

கீழே, மய்யித்தைத் தூக்கிச் செல்லும் சந்தூக்கை இறக்கி வைக்கும் ஓசை கேட்டது. நண்பகல் ளுஹர் தொழுகைக்கு அதிக நேரமில்லை. ஸுஹைர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டேன்," என்றாள் நாஹித்.

ஸுஹைர் தலையசைத்து, துணியின் மறுமுனையை இழுத்துப் பிடித்தாள். அக்கா சுற்றினாள். முதல் சுற்றில் ஈரம் படர்ந்தது. இரண்டாவதிலும் படர்ந்தது. அதன்மேல் சுற்றியது வெள்ளையாகவே நின்றது.