அரிசி ஆலையில் இருபத்திரண்டு பேர்

கம்ப்யூட்டர் சாருக்கு மாமனார் வீட்டு வழியில் கிடைத்த ஒரே சொத்து மச்சான். அந்த மச்சானுக்கு ஓர் அரிசி ஆலை. அங்கே மொத்தமே நாலு ஆள், ஒரு தராசு. ஆனால் காகிதத்தில் மட்டும் இருபத்திரண்டு பேர் அங்கே உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் சாரின் கைவரிசைதான். பால் சங்கத்துக்குப் பின்னால் அவர் நடத்திய அரசாங்கக் கம்ப்யூட்டர் பயிற்சி மையத்துக்கு ஒரு விதி உண்டு. படித்து முடித்தவர்களில் பாதிப் பேருக்காவது வேலை கிடைக்காவிட்டால் மையத்தை மூடிவிடுவார்கள். சுற்றுவட்டாரத்தில் களை எடுப்பதைத் தவிர வேறு வேலை எங்கே இருந்தது? மூடினால் அடுத்த வருஷப் பிள்ளைகள் எங்கே போய்ப் படிக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மச்சானிடம் முத்திரை வாங்கி, இருபத்திரண்டு பேருக்கு ஆலையில் வேலை கிடைத்ததாகப் பட்டியல் எழுதிவிட்டார். தன் சம்பளமும் அதில்தான் இருந்தது என்பதை மட்டும் நினைக்காமல் பார்த்துக்கொண்டார்.

இந்த வருஷம் நிஜமாகவே வேலை வந்தது. ஊருக்கு வெளியே பழம் பதப்படுத்தும் தொழிற்சாலை. பயிற்சி முடித்து வேலையில்லாமல் இருப்பவர்களை மட்டும் எடுத்தார்கள். சாரிடம் படித்த கொத்தனார் மகள் முதல் ஆளாகப் போய் நின்றாள், தேர்விலும் தேறினாள். கடைசி மேஜையில் இருந்தவர், சார் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்த பட்டியலைக் காட்டி, நீதான் ஏற்கெனவே அரிசி ஆலையில் வேலையில் இருக்கிறாயே என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

நேரே மையத்துக்கு வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்றுதான் சார் நினைத்தார். அவள் முகத்திலோ சிரிப்பு.

"எனக்கு அரிசி மில்லுல வேலை வாங்கிக் குடுத்திருந்தீங்களாமே சார்? லெட்டர் எங்கயோ தவறிப் போயிருக்கு போல. எட்டு மாசம் ஆயிடுச்சு. இப்பப் போனா சேத்துக்குவாங்களா?"

அவள் திட்டியிருந்தால்கூட சார் தாங்கியிருப்பார். மேலிடத்துத் தவறு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

"அங்க வேலையே இல்லம்மா. நான்தான் பொய்யா எழுதினேன். நாளைக்கு ஃபேக்டரிக்கு வந்து நானே சொல்லிடறேன்."

மையம் போகும், மச்சானும் மாட்டுவான் என்று அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பற்றியெல்லாம் கேட்கவில்லை.

"அப்ப நான்தான் முதல் மார்க்குன்னு சொன்னீங்களே சார், அது?"

அது நிஜம் என்றார். சத்தியம் பண்ணினார். பீரோவைக் குடைந்து அவளுடைய விடைத்தாளை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்தாள். மதிப்பெண்ணுக்குக் கீழே அவருடைய கையெழுத்து இருந்தது, பட்டியலில் பார்த்த அதே கையெழுத்து. மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, "சரி சார்" என்று சொல்லிப் போய்விட்டாள்.