இடது விளக்கு மட்டும்

ஒரே கார். ஒரே டின்னில் இருந்த கிளியர் பூச்சு. தேய்த்ததும் இதே இரண்டு கைகள்தான். அப்படியிருந்தும் வலது விளக்கு நேற்றுக் கடையிலிருந்து வந்ததுபோல மின்னுகிறது, இடது விளக்கு மூன்றாவது தடவையும் வெளுத்துவிட்டது.

வியாழக்கிழமை பின்னேரம் வேலையால் வந்த என் பெண்சாதி எடித் காரை வேலியோரம் நிறுத்தினாள். இறங்கிய கையோடு இடது விளக்கைச் சுட்டுவிரலால் இரண்டு தரம் தட்டினாள். அவள் தாதி. ஊசி போட நரம்பு கிடைக்காத கையையும் இப்படித்தான் தட்டுவாள் என்று நினைக்கிறேன்.

"திரும்பவும் பூத்திட்டுது," என்றாள்.

"எப்ப தொடக்கம்?"

"நேற்றே கொஞ்சம் தெரிஞ்சது. சொன்னா நீங்கள் விளங்கப்படுத்தத் தொடங்குவியள் எண்டு சொல்லேல்ல."

நான் வாயைத் திறந்தேன். அவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

நாங்கள் இருப்பது தலைமன்னாரில். எடித்துக்கு வேலை மன்னார் ஆஸ்பத்திரியில். விடிய ஐந்து மணிக்குக் காரை எடுத்து, வழியில் பேசாலையில் நிறஞ்சலா என்ற இன்னொரு தாதியையும் ஏற்றிக்கொண்டு போவாள். அந்த நேரம் நான் ஐஸ் பக்டரியில் கட்டி ஏற்றிக்கொண்டிருப்பேன். போகிற வழியில் பாதி இருட்டு. அந்த இருட்டில் கழுதைகள் நிற்கும். நாய் என்றால் ஓடிவிடும், மாடு என்றால் வெள்ளையாகத் தெரியும். கழுதை மட்டும் ரோட்டின் நிறத்திலேயே ரோட்டுக் கரையில் யோசித்துக்கொண்டு நிற்கும். கரையில் நிற்பதைக் காட்ட வேண்டியது இடது விளக்கு. போன மாதம் ஒரு கழுதைக் குட்டிக்கும் எங்கள் பம்பருக்கும் இடையில் ஒரு சாண் இடம் மிஞ்சியது. அன்றைக்கு எடித் கார் திறப்பை மேசையில் வைத்துவிட்டு, அந்த ஒரு சாணைக் கைவிரித்துக் காட்டினாள்.

அடுத்த கிழமை ஒரு கடிதம் வந்தது. ஆஸ்பத்திரிக் குவாட்டர்ஸில் ஒரு அறை காலியாகிறதாம். விருப்பமென்றால் இந்த மாதம் முப்பதாம் திகதிக்குள் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும்.

"விளக்கு ரெண்டும் முப்பதுக்குள்ள சரியெண்டா நான் இஞ்ச இருக்கிறன்," என்றாள். "இல்லாட்டி அறையை எடுக்கிறன். லீவு நாளில வாறன்."

கல்யாணம் கட்டிய பதினொரு வருஷத்தில் நான்கு வருஷம் அவள் வவுனியாவிலும் நான் இங்கேயுமாகப் போயிருக்கிறது. லீவு நாளில் வருகிற பெண்சாதி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். வருவாள், உடுப்புத் தோய்ப்பாள், பேருந்துக்கு நேரம் பார்ப்பாள். கடிதத்தை அலுமாரியில் என் சேட்டுகளுக்கு மேல் வைத்திருந்தாள், தினமும் என் கண்ணில் படும்படி.

இந்த மொடலுக்குப் புது விளக்கு எங்கும் கிடைக்கவில்லை. பழைய கார்களில் கழற்றி விற்கிற விளக்குகள் எங்களுடையதைவிட மஞ்சள். ஆகவே நானே செய்ய முடிவெடுத்தேன்.

விளக்கின் முன்பக்கம் கண்ணாடி அல்ல, பிளாஸ்ரிக். கல் பட்டாலும் உடையாத நல்ல பிளாஸ்ரிக், ஆனால் வெயில் ஆகாது. அதனால் செய்கிற இடத்திலேயே அதன்மேல் வெயிலைத் தடுக்கிற மெல்லிய பூச்சு ஒன்று பூசி அனுப்புவார்கள். பத்து வருஷ வெயிலில் பூச்சு செத்துவிடும். கீழே இருக்கிற பிளாஸ்ரிக் மஞ்சளாகும். பலர் பற்பசை போட்டுத் தேய்க்கிறார்கள். உடனே பளிச்சென்று வரும், ஏனென்றால் செத்த தோல் போய்விடுகிறது. ஆனால் புதுத் தோல் போடவில்லையே! இரண்டு மாதத்தில் முன்னைவிட மோசமாகும். சரியான முறை இதுதான்: சொரசொரப்பான சாண்ட்பேப்பரில் தொடங்கி, மிக நைசான சாண்ட்பேப்பர் வரை, தண்ணீர் விட்டு விட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு கழுவி, துடைத்து, வெயில் தாங்குகிற கிளியரை ஸ்பிரே பண்ண வேண்டும். கீறல்களுக்குள் கிளியர் இறங்கியதும் மங்கல் மறைந்து கண்ணாடியாகிவிடும். அந்த நிமிஷத்தைப் பார்ப்பதற்கே இந்த வேலையைச் செய்யலாம்.

போன மாதக் கடைசிச் சனிக்கிழமை இரண்டையும் அப்படிச் செய்தேன். இரண்டும் மின்னின. ஆறாம் நாள் இடது விளக்கில் மட்டும் மூச்சு விட்டதுபோல ஒரு வெண்மை. கிட்டப் பார்த்தால் கிளியருக்குக் கீழே ஊசிமுனை அளவில் கொப்புளங்கள், ஆயிரக்கணக்கில். சுரண்டி எடுத்துவிட்டு இடதை மறுபடி செய்தேன். வெளுத்தது. துடைப்பது போதவில்லை என்று எடித்திடம் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, மூன்று தரம் துடைத்து, மூன்றாவது முறையும் செய்தேன். அதுதான் இந்த வியாழக்கிழமை வெளுத்தது. முப்பதாம் திகதிக்குப் பதினொரு நாள் இருந்தது.

கண்மூடித்தனமாகச் செய்கிற ஆள் அல்ல நான். எந்தச் சாண்ட்பேப்பர், எத்தனை பூச்சு, எத்தனை மணித்தியாலம் காய்ந்தது, அன்றைக்கு வெயிலா மப்பா, எல்லாவற்றையும் ஒரு காட்போட் மட்டையில் எழுதி வைத்திருந்தேன். இடது பக்கம் மேற்கு வெயில் படுகிறதோ என்று காரைத் திருப்பி நிறுத்திப் பார்த்தேன். பற்றரி இடது பக்கம் இருப்பதால் சூடோ என்று தொட்டுப் பார்த்தேன். கச்சான் காற்று அள்ளி வருகிற கடலுப்போ என்றும் யோசித்தேன். கச்சான் வலது விளக்கை மட்டும் ஏன் மன்னிக்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை ஜமால்தீன் நானாவின் கடைக்குப் போனேன். கிளியர் டின் அவர் கடையில் வாங்கியது.

"நானா, உங்கட கிளியர் சரியில்ல."

"வலது விளக்கு எப்பிடி?"

"அது நல்லாத்தான் இருக்கு."

"அதுக்கு அடிச்சது ஆரின்ர கடை டின்?"

"இதே டின்தான்."

"அப்ப பிழை என்ர டின்னில இல்ல, அருள்நேசன். உன்ர இடது பக்கத்தில," என்று சொல்லி அவர் எழும்பி வந்தார். "கார் வேலியோரமாத்தானே நிக்கிது? கழுதை நக்குது. உப்புக்காக நக்கும். எங்கட வீட்டுச் சுவரையே நக்கிக் குழியாக்கி வைச்சிருக்கு."

"கழுதை நக்கினா மேலதான் கெடும் நானா. இது கிளியருக்குக் கீழ பூக்குது."

"சரி, நீ படிச்சவன். போய்ப் பார்த்திட்டு வந்து எனக்கு விளங்கப்படுத்து."

நம்பவில்லை. ஆனாலும் சனிக்கிழமை பின்னேரம் முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டுக் காவல் இருந்தேன். வேறு வழி எதுவும் மிஞ்சவில்லை. நாலரை மணிக்கு ஒரு கழுதை வந்தது. இடது விளக்கைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. விளக்கை மணந்தும் பார்க்காமல் காரைச் சுற்றி வந்து, கதிரைக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த என் காட்போட் மட்டையைத் தின்னத் தொடங்கியது. நான் எழும்பி இழுத்தபோது கையில் வந்தது மூன்றாம் முயற்சியின் பாதி மட்டும்.

இந்தத் தீவில் கழுதை காட்போட் தின்னும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஞாயிறு பூசைக்குப் போய் வந்த எடித், சேலையை மாற்றாமலே அலுமாரியைத் திறந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் இடது விளக்கைத் திரும்பவும் சுரண்டிக்கொண்டிருந்தேன். கிணற்று மோட்டர் போட்டு நிரப்பிய வாளி பக்கத்தில் இருந்தது.

"நாலாந் தரமா?"

"ஓம்."

"போன மூண்டு தரமும் செய்ததையே திரும்பவும் செய்யிறியள். இந்த முறை மட்டும் ஏன் வேற மாதிரி வரும்?"

எனக்குக் கோபம் வந்தது. "ஒரே மாதிரிச் செய்துதானே வலது நல்லா வந்தது! அண்டைக்கு நீயும் பார்த்தனி."

"பார்த்தனான்! நல்லாப் பார்த்தனான்!" கடிதத்தை விசிறிபோல ஆட்டினாள். "ஐஸ் பக்டரியில வேலை செய்யிற மனுசன்ர வீட்டில பிறிஜ் செத்து ரெண்டு மாசம். மீன் போடுற றெஜிபோம் பெட்டி ஒண்டில ஐஸை வைச்சுச் சீவிக்கிறம். அண்டைக்குக் கரண்ட் போச்சுது, மோட்டர் இல்ல எண்டு அந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய் உங்கட வலது விளக்கில ஊத்தினியள். நான் வைச்ச பால் பக்கற் வெயிலில கிடந்து திரைஞ்சது. எனக்கு அது மறக்காது."

சாண்ட்பேப்பர் என் கையில் அப்படியே நின்றது.

"திரும்பச் சொல்லு."

"பால் திரைஞ்சது."

"பாலை விடு. வலதுக்கு நான் ஊத்தினது ஐஸ் தண்ணியா?"

"வேற என்ன? இடதைத் தேய்ச்சுக் கழுவி முடிய, கரண்ட் போச்சு. வாளி காலி. வலதை முழுக்க என்ர ஐஸ் தண்ணியிலதான் செய்தனீங்கள்."

நான் வாளியில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். இந்தக் கிணற்றில் பல வருஷமாகக் குளிக்கிறோம், உடுப்புத் தோய்க்கிறோம். குடிப்பதில்லை, ஏனென்றால் உவர். அது எவ்வளவு தெரிந்த விஷயமென்றால், மட்டையில் அத்தனை வரி எழுதிய நான் தண்ணீர் என்று ஒரு வரி எழுதவில்லை. கழுதை தின்றதில் நஷ்டம் இல்லை. விடை அதில் இருக்கவேயில்லை.

இதில் என்னை அறைய வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பக்டரிக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் நான் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் ஐஸ் கட்டி எப்படி உறைகிறது என்பது. எங்கள் பக்டரித் தண்ணீரும் கொஞ்சம் உவர்தான். தகர அச்சின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்ல மெல்ல உறையும். உறைகிற ஐஸ் உப்பைத் தனக்குள் எடுக்காது. நடுவுக்குத் தள்ளிக்கொண்டே போகும். அதனால்தான் கட்டியின் நடு வெள்ளையாகவும் ஓரம் கண்ணாடியாகவும் இருக்கும். வீட்டுக்கு நான் கொண்டு வருவது எப்போதும் ஓரத் துண்டு. அது உருகினால் உப்பு இல்லாத நல்ல தண்ணீர். இதையெல்லாம் ஊருக்குச் சொல்லிவிட்டு, என் காரின் வலது விளக்கில் அதே தண்ணீரை ஊற்றி மறந்திருக்கிறேன்.

கொப்புளத்தின் கதையும் அப்போது ஒழுங்காக வந்து நின்றது. உவர்த் தண்ணீர் காயும்போது உப்பு கீறல்களுக்குள் தங்கிவிடும். ஸ்பிரிட் எண்ணெயை எடுக்கும், உப்பை எடுக்காது. உப்பைக் கரைப்பது தண்ணீர். அந்த உப்பின்மேல் கிளியரை அடித்து மூடிவிட்டேன். பார்வைக்கு இறுக்கமாகத் தெரிந்தாலும் கிளியரின் ஊடாக ஈரம் மெல்ல மெல்லப் போய்வரும். உள்ளே கிடக்கிற உப்பு அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஒவ்வொரு உப்புத் துணுக்கையும் சுற்றி ஒரு சொட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு கொப்புளம். ஐந்தாறு நாள் பனி போதும்.

இவ்வளவையும் எடித்துக்கு நின்றபடியே சொன்னேன். பூசைச் சேலையோடு கடைசிவரை கேட்டாள். பிறகு, "அப்ப இப்ப என்ன வேணும்?" என்றாள்.

"ஐஸ் தண்ணி."

"பெட்டியில பால் இருக்கு. முதல் அதை எடுத்து வெளியில வையுங்கோ," என்றாள். கடிதத்தைத் திரும்ப அலுமாரியில் வைத்தாள், கிழிக்கவில்லை.

பழைய கிளியரை முழுக்க எடுத்தேன். ஐஸ் தண்ணீரில் தேய்த்து, நாலு தரம் புதுத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். நிழலில் காயவிட்டு, ஸ்பிரிட்டால் துடைத்து, கிளியர் அடித்தேன். அடிக்கும்போது எடித் காற்றுப் பக்கம் பெட்சீற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை நோகுது, மணக்குது, கெதியாச் செய்யுங்கோ என்று மூன்றையும் மாறி மாறிச் சொன்னாள்.

ஐந்தாம் நாள் பார்த்தேன். ஆறாம் நாள் பார்த்தேன். எட்டாம் நாள் திங்கட்கிழமை, முப்பதாம் திகதி. பின்னேரம் எடித் வேலையால் வந்து காரை நிறுத்தி, இறங்கி, இடது விளக்கை விரலால் இரண்டு தரம் தட்டினாள்.

"கடிதம்?" என்றேன்.

"ஆஸ்பத்திரிக் கந்தோரில குடுத்திட்டன். அறை வேண்டாம் எண்டு எழுதி."

நான் ஏதோ சொல்லப் போனேன். அவள் கையைக் காட்டி மறித்துவிட்டு, அடித்த போனை எடுத்துக் கேட்டு என்னிடம் நீட்டினாள்.

"நிறஞ்சலா. அவளின்ர மனுசன்ர வானிலயும் ரெண்டு விளக்கும் இப்பிடித்தான் பூத்துக் கிடக்காம். எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு கேக்கிறாள். இஞ்சேருங்கோ, ஐஸ் எப்பிடி உறையுது எண்டெல்லாம் வேண்டாம். அவளுக்குச் சோறு வைக்க வேணும். சுருக்கமாச் சொல்லுங்கோ."

போனை வாங்கினேன்.

"தங்கச்சி, கிணத்துத் தண்ணி உவரெண்டா அதால விளக்கைத் தேய்க்கவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம். குடிக்கிற நல்ல தண்ணியால தேய்ச்சு, நாலு தரம் கழுவி, நல்லாக் காயவிட்டு, ஸ்பிரிட்டால துடைச்சுப்போட்டு, அதுக்குப் பிறகு கிளியரை அடியுங்கோ. பூக்காது."