தொப்பிக்குள் ஆறு சீட்டு

விடியற்காலை ஒரு தூறல் போட்டுவிட்டுப் போயிருந்தது. அது போதாதா? ஆடுகள் ஈரமா, காய்ந்தவையா என்று கொட்டகையில் பஞ்சாயத்து கூடிவிட்டது. ஈர ஆட்டைத் தொட்டுக் கம்பளி கத்தரித்தால் மூட்டுவலியும் காய்ச்சலும் வரும் என்பது இந்தத் தொழிலில் அசைக்க முடியாத நம்பிக்கை. அதனால் ஆளுக்கு இரண்டு ஆடு கத்தரித்துப் பார்த்துவிட்டு, துண்டுச் சீட்டில் "ஈரம்" அல்லது "காய்ந்தது" என்று எழுதித் தொப்பியில் போட வேண்டும். ஈரம் ஜெயித்தால் அன்று வேலை இல்லை, கூலியும் இல்லை. சீட்டில் பெயர் கிடையாது. நீ என்ன எழுதினாய் என்று கட்டிய மனைவிகூடக் கேட்க மாட்டாள்.

கத்தரிக்கும் ஆறு பேரில் ஒருவனான வார்விக்குக்கு அன்று ஈரம் ஜெயித்தால் தேவலை என்றிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் தொழுவத்துத் தூசியில் அவனுக்கு ஆடுமாடுகளிடமிருந்து தொற்றும் க்யூ காய்ச்சல் வந்தது. காய்ச்சல் மூன்றே வாரத்தில் இறங்கிவிட்டது. வலி மட்டும் போகவில்லை. தோள், இடுப்பு, விரல் கணு என்று ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. கூடவே காரணமில்லாத ஒரு துக்கமும் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

டப்போ டவுனில் ஒரு டாக்டரம்மாதான் விஷயத்தைச் சொன்னாள். "கிருமி எப்பவோ செத்துப் போச்சுங்க. உங்களைக் காப்பாத்த வந்த எதிர்ப்பு சக்திதான் சண்டை முடிஞ்சதை நம்ப மாட்டேங்குதுன்னு நினைக்கிறேன். அது ஓயாம கொதிச்சுக்கிட்டே இருந்தா உடம்பும் வலிக்கும், மனசும் விழுந்துடும். ரெண்டும் ஒரே நெருப்பு. நீங்க சோம்பேறி இல்ல."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவனை உடைத்தது. திரும்பும் வழியில் வண்டியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். ஓட்டியது மெர்வ், மனைவி க்ளெனிஸின் அண்ணன், பதினெட்டு வருடமாகப் பக்கத்து இடத்தில் நின்று கத்தரிப்பவன். "என்னோட போயிடும்டா மச்சான், ஒரு ஈ காக்காக்குச் சொல்ல மாட்டேன்" என்றான். அழுததை க்ளெனிஸிடம்கூட வார்விக் சொல்லவில்லை. கான்ட்ராக்டர் ரோண்டா காதுக்குப் போனால் அடுத்த கொட்டகைக்குக் கூட்டிப்போக மாட்டாள். நாற்பத்தாறு வயதில் அவனுக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

கொட்டகையில் இப்போது இரண்டாவது ஆட்டின் முதுகுக் கம்பளிக்குள் விரலை ஆழமாக விட்டுப் பார்த்தான். மூட்டெல்லாம் ஈரம் ஈரம் என்று கத்தியது. கையில் பட்டதோ நல்ல காய்ந்த கம்பளி. மூன்று வருடமாகப் பொய் சொல்லும் உடம்பை இன்றைக்கு மட்டும் எப்படி நம்புவது? எரிச்சலோடு "காய்ந்தது" என்று எழுதி மடித்துப் போட்டான்.

ஆட்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி ஸ்டான் சீட்டுகளைப் பிரித்தான். "காய்ந்தது. காய்ந்தது. காய்ந்தது." நான்காவதில் எழுதியிருந்த அத்தனையையும் அதே வேகத்தில் வாசித்தான். "காய்ந்தது. எவனாவது ஈரம்னு எழுதியிருந்தா அது நம்ம வார்விக் போடற மாத்திரை பேசுது. பாவம், வண்டியில உக்காந்து அழுவுறான்."

யாரோ சிரித்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார்கள். வாசலில் டீக் கோப்பையோடு ரோண்டா நின்றிருந்தாள். வார்விக் மெர்வைத் திரும்பிப் பார்த்தான். அந்த வண்டியில் இருந்தது இரண்டே பேர்.

ஸ்டான் அவசர அவசரமாக மிச்சம் இரண்டையும் பிரித்தான். இரண்டும் காய்ந்தது.

"என்ன மாத்திரை வார்விக்?" ரோண்டா கேட்டாள்.

"வலிக்கு. மனசுக்கும்."

அவள் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே பேசினாள். "இந்தக் கொட்டகைய முடிச்சுக் குடு. அப்புறம் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு. நானே கூப்பிடறேன்."

அவள் யாரையும் அப்படிக் கூப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை.

கூட்டம் கலைந்ததும் மெர்வ் பக்கத்தில் வந்தான். முகம் காது வரை சிவந்திருந்தது. "தமாஷுக்கு எழுதினேன்டா மச்சான். அந்த மடையன் சத்தமா வாசிப்பான்னு யாரு கண்டா? நீ ஈரம்னு போட்டுடுவியோ, எல்லாருக்கும் பொழப்பு போயிடுமோன்னு..."

"ஆறும் காய்ந்ததுதான், மெர்வ்."

"ஆமாடா, அதான்..."

"ஆறுல ஒண்ணு என்னுது."

மெர்வ் வழக்கம்போல் வார்விக்கின் தகர டப்பாவுக்குக் கையை நீட்டினான். வார்விக்குக்கு விரல் மடங்காமல் போன நாளிலிருந்து அவனுடைய கத்தரிப்பு மெஷினில் மாட்டும் பல்லுச் சீப்புகளை மெர்வ்தான் சாணை பிடித்துக் கொடுத்துவந்தான். "குடு, தீட்டித் தரேன்."

வார்விக் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். மணி அடித்தது. நேற்றைய மழுங்கின சீப்பையே மாட்டிக்கொண்டு அன்றைய மூன்றாவது ஆட்டை இழுத்தான்.