பக்கத்து மூலக்கூறின் வால்

எனக்கு வாய் நீளம். ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷமாக எல்லாரும் சொல்வதுதான். புரதத்தைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்வதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, பேச்சில் மட்டும் நிதானம் கிடையாது. அந்த வாயால் ஒரு வீட்டைக் கெடுத்தேன்.

பெங்களூரில் எங்கள் ஆய்வகத்துக்கு வேன் ஓட்டுபவர் ருத்ரேஷ். அவருடைய ஒரே மகள் சுக்கிக்கு ஏழு வயது, பேச்சு வரவில்லை. பரிசோதனையில் ஷாங்க் மூன்று என்ற புரதத்துக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்பதாகச் சொன்னார்கள். நான் வருஷக்கணக்காக மாரடித்துக்கொண்டிருந்ததும் அதே புரதத்தோடுதான். அறிக்கையை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்துவிட்டார்.

"இது என்ன பண்ணும் மேடம்?"

"கட்டடம் கட்டறப்ப சாரம் கட்டுவாங்கல்ல? ரெண்டு நரம்பு செல் சந்திக்கிற இடத்துல அந்த மாதிரி ஒரு சாரம் இது. சேதி வாங்கற புரதமெல்லாம் இதைப் புடிச்சுக்கிட்டுத்தான் நிக்குது."

"கட்டி முடிச்சதும் பிரிச்சிடுவாங்களே?"

"இதைப் பிரிக்கக் கூடாது. ஆயுசு முழுக்க நிக்கணும்."

"அப்ப என் பொண்ணுக்கு எங்கயோ ஒரு முடிச்சு அவுந்திருக்கு," என்றார். என் மாணவர்கள்கூட அவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதில்லை.

முடிச்சு என்று அவர் சொன்னது உண்மையில் ஒரு குழி. ஷாங்கின் உடம்பில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. மற்ற புரதங்கள் தங்கள் வால் நுனியை அதில் செருகித்தான் சாரத்தோடு சேர்ந்து நிற்கும். சுக்கிக்கு அந்தக் குழியின் சுவர் கோணிவிட்டது, எந்த வாலும் நிற்கவில்லை. அந்தக் கோணல் புரதத்தையே பாக்டீரியாவில் செய்தேன். கோணலைத் தாங்கும் என்று நாங்கள் நினைத்த மருந்தைச் சேர்த்து, படிகமாக்கி, எக்ஸ்ரேயில் படம் எடுக்க அனுப்பினேன். தினமும் காலையில் வேனில் ஏறும்போது ருத்ரேஷ் கேட்பார்: "மேடம், படம் எப்ப ரிலீசு?"

ஆகஸ்டில் படம் வந்தது. குழிக்குள் ஏதோ நிறைந்திருந்தது. கொஞ்சம் மங்கல்தான், ஆனால் வால் போல நீளமாக, கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. மருந்துதான் என்று முடிவுகட்டிவிட்டேன். சரிபார்க்க இன்னும் தெளிவான படிகம் வேண்டும் என்று எங்கள் தலைவர் சொன்னது காதில் விழுந்தது. ஆனாலும் சாயங்காலம் வேனில் ஏறியதும் சொல்லிவிட்டேன்.

"ஒட்டிக்கிச்சு ருத்ரேஷ். சுக்கியோட குழியில மருந்து ஒட்டிக்கிச்சு."

அவர் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தி ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதார். பெரிய புண்ணியம் செய்துவிட்டதாக எனக்கும் கண் கலங்கியது. தூ, என்ன ஜென்மம் நான்.

தெளிவான படிகம் மார்ச்சில்தான் கிடைத்தது. இந்தமுறை ஒவ்வோர் அணுவும் தெரிந்தது. குழியில் இருந்தது மருந்தே இல்லை. நான் புரதம் செய்தபோது அதன் கடைசியில் வால் போலக் கூடுதலாக ஒட்டிக்கொண்டு வந்த நாலைந்து அமினோ அமிலங்கள். புதிதாகச் செய்யச் சோம்பல்பட்டு, ஃப்ரீசரில் தயாராக இருந்த பழைய டி.என்.ஏ.வை எடுத்திருந்தேன், அதன் எச்சம். படிகத்துக்குள் மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிற்கும். ஒன்றின் வால் அடுத்ததன் குழியில் போய் உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தொழிலில் முதல் வருஷத்திலேயே எச்சரிக்கிற தப்பு. மேலும் நாலுமுறை, அந்த எச்சமில்லாமல் மருந்தை மட்டும் சேர்த்துச் செய்து பார்த்தேன். குழி காலியாகவே இருந்தது.

"நீங்கதானே சொன்னீங்க, நீங்களே போய்ச் சொல்லுங்க," என்றார் தலைவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை பீன்யாவில் ருத்ரேஷ் வீட்டுக்குப் போனேன். மனைவி மங்களா அரிசி மாவில் அக்கி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். சுக்கி தரையில் உட்கார்ந்து ஒரு பாட்டில் மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த வால் மூளையில இருக்காதா மேடம்?"

"இருக்காது. அது என் ஃப்ரீசர்லேர்ந்து வந்தது."

"சரி, அடுத்த தடவை?"

"அடுத்த தடவை இல்ல ருத்ரேஷ். இந்த மருந்து ஒட்டாது. வேற மருந்தும் எங்க கையில இல்ல."

"படம் ஃப்ளாப்பா," என்றார். அவரே சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

மங்களா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "அந்த அட்டையெல்லாம் இருக்கா, தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்று அவரைக் கேட்டாள். எனக்குப் புரியவில்லை.

"இவ பேச மாட்டா அக்கா, ஆனா படம் போட்ட அட்டையை எடுத்துக் குடுப்பா. தண்ணிக்கு ஒண்ணு, பசிக்கு ஒண்ணு, ஊஞ்சலுக்கு ஒண்ணு. முப்பத்தொண்ணு தெரியும். ரெண்டு வருஷம் உக்காந்து நான் சொல்லிக்குடுத்தது. நீங்க சொன்ன அன்னைக்கு இவரு எல்லாத்தையும் எடுத்துப் பரண்ல போட்டாரு. மருந்து வரப்போவுது, இனிமே வாயால கேக்கட்டும், அட்டை இருந்தா சோம்பேறி ஆயிடுவான்னு."

மருந்து நாளைக்கே வருமென்று நான் சொல்லவில்லையே என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"ரெண்டு மாசம் பரணைக் காட்டிக் காட்டி அழுதா. அப்புறம் நிறுத்திட்டா. அவ மாறிட்டு வரான்னு இவரு சந்தோசப்பட்டாரு."

ருத்ரேஷ் ஸ்டூல் போட்டு ஏறினார். பையை இறக்கி, தூசி தட்டி, அட்டைகளைத் தரையில் பரப்பினார். ஒரு டம்ளர் தண்ணீரை எதிரே வைத்துவிட்டு மகளுக்காகக் காத்திருந்தார். சுக்கி டம்ளரைப் பார்த்தாள், வறண்ட உதட்டை நக்கிக்கொண்டாள். அட்டை அவள் கண்ணில் படவே இல்லை. அவர் தண்ணீர் அட்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார். கையை எடுத்ததும் அட்டை கீழே விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது, நான் எழுந்துவிட்டேன்.

"ரொட்டி ஆறிடும், சாப்ட்டுட்டுப் போங்க மேடம்," என்றார், தலையைத் தூக்காமல்.

மங்களா எனக்குத் தட்டு வைத்தாள். "இவ முதமுதல்ல கத்துக்கிட்டது அந்தத் தண்ணி அட்டைதான் அக்கா," என்றாள்.