ஒன்றரை மூட்டை ஓட்டுநர்

பாண்டித்துரை கையில் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம், ரசமட்டத்தை மட்டும் கொடுக்கக் கூடாது. பனியன் கம்பெனிகளுக்கு நிட்டிங் மெஷின் பூட்டித் தருகிற ஃபிட்டர் அவன். கண்ணாடிக் குழாயில் குமிழ் நட்டநடுவில் வந்து நிற்கும்வரை அவனுக்குச் சோறு இறங்காது. வீட்டு பீரோ, கேஸ் அடுப்பு, மாமியார் சீராகக் கொடுத்த கிரைண்டர், ஒன்றையும் விட்டுவைத்ததில்லை. அப்பேர்ப்பட்டவன் ஒரு காரைப் பூட்டினால் சும்மா இருப்பானா?

கார் என்றால் ஷோரூமில் நிற்கிற கார் இல்லை. இரும்புக் குழாய்ச் சட்டம், பைக் இன்ஜின், ஃபைபர் பாடி என்று பெட்டி பெட்டியாக வந்ததை அவனும் அவன் மனைவி வேல்விழியும் ஞாயிறுதோறும் உட்கார்ந்து பூட்டியது. கதவும் கிடையாது, கூரையும் கிடையாது. இரண்டு பேர் தள்ளினாலே பிள்ளைவண்டி மாதிரி உருளும், அவ்வளவு லேசு. வருகிற ஞாயிறு கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பந்தயத் தடத்தில் அதை ஓட்டிப் பார்க்க இடம் கிடைத்திருந்தது. வண்டிக்கு ஒரே ஓட்டுநர்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த ஒருவர் தான்தான் என்று வேல்விழி எப்போதோ மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள். துணி ரோல் ஏற்றிய குட்டியானை டெம்போவை நிட்டிங் கம்பெனிக்கும் சாயப்பட்டறைக்கும் இடையே தினமும் ஓட்டுகிறவள் அவள். பல்லடம் ரோட்டு நெரிசலில் பஸ்காரனே அவளுக்கு வழி விடுவான். ஆனால் வீட்டில் மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை. கேட்டுத்தான் தெரிய வேண்டுமா என்று ஒரு வீம்பு. பாண்டியும் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, வண்டி பூட்டுகிற வாடகை ஷெட்டில் அதன் உயரத்தைச் சரிபார்க்க உட்கார்ந்தார்கள். ஓட்டுகிறவர் கனம் சீட்டில் இருக்கும்போதுதான் உயரம் வைக்க வேண்டும், ஆள் ஏறியதும் ஸ்பிரிங் அமுங்கும் அல்லவா. பாண்டி போய் நூல் மூட்டை ஒன்றைத் தூக்கிவந்து சீட்டில் வைத்தான். யோசித்தான். இன்னொரு பாதி மூட்டையைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தான்.

வேல்விழிக்குச் சுருக்கென்றது. அவள் ஒற்றை மூட்டைக்கு மேல் தேறமாட்டாள். ஒன்றரை மூட்டை யாரென்று அவளுக்குத் தெரியாதா என்ன?

ஷாக் அப்சார்பரின் அடியில் ஒரு வளையம் இருக்கும். அதை முறுக்கினால் அந்த மூலை ஏறும், தளர்த்தினால் இறங்கும். ஒரு மூலையை ஏற்றினால் எதிர்மூலைக்குக் கோபம் வரும். பாண்டி சட்டத்தின் குறுக்கே ரசமட்டத்தை வைத்துக்கொண்டு நாலு மூலைக்கும் ஓடியோடி முறுக்கினான். கடைசியில் குமிழ் நடுவில் வந்து நின்றது.

"பாத்தியா! குமிழு செல மாதிரி நிக்குது" என்றான்.

வெளியே ரோட்டுக்குத் தள்ளினார்கள். வண்டி இடப்பக்கம் தூக்கிக்கொண்டு, வலப்பக்கம் சாய்ந்து நின்றது. திரும்ப உள்ளே தள்ளினால் நேராக நிற்கிறது. வெளியே போனால் கோணல். பாண்டி ஸ்பிரிங் செய்தவனை வைதான், ரோடு போட்டவனையும் வைதான்.

பக்கத்துக் கட்டிங் யூனிட்டின் ஓனர் அக்பர் பாய் எட்டிப் பார்த்தார். "ஏனுங் தம்பி, வண்டி ஒருக்களிச்சுப் படுத்திருக்குது?"

"அதான் பாய் எனக்கும் வெளங்கல."

வண்டியை மறுபடி ஷெட்டுக்குள் தள்ளிவிட்டு, வேல்விழி கையிலிருந்த கிரீஸைக் கழுவ ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்தாள். தண்ணீர் வண்டிக்கு அடியில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சிட்டாய்ப் பறந்து, இடப்புறச் சுவரோரச் சாக்கடையில் போய் விழுந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க! இது பழைய சாயப்பட்டறைங்க! தண்ணி வடியறதுக்காகத் தரையச் சரிவாப் போட்டு வச்சிருக்கான். நீங்க சரிவுல வச்சு வண்டிய நேராக்கியிருக்கீக!"

பாண்டி முகத்தில் ஈயாடவில்லை. "மெஷினுக்கு இப்பிடித்தான பாப்போம்? தரை எப்பிடிக் கெடந்தா என்ன?"

"மெஷினு வச்ச எடத்துலயே நிக்கும். இது ஊரச் சுத்துற சாமான் இல்லையா?"

அக்பர் பாய் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "நம்ம கட்டிங் ஹால் தரை கண்ணாடியாட்ட மட்டமுங்க தம்பி. பசங்க சாப்பாட்டுக்குப் போயிட்டாங்க, டேபிள ஒதுக்கிட்டு உள்ள வுடுங்க. மூட்டை எதுக்குங்க? ஓட்டறவங்களே ஏறி உக்காந்துக்கட்டும். நா ஜும்மா தொழுகைக்குப் போயிட்டு வந்தர்றேன்."

வண்டி கட்டிங் ஹாலுக்குள் போனது. இந்தமுறை பாண்டி ரசமட்டத்தை முதலில் தரையில் வைத்துப் பார்த்தான். ரோஷக்காரன்.

"ஓட்டப்போறது யாருங்க?" என்றாள் வேல்விழி, மெதுவாக.

"வேற யாரு?" என்று சொல்லிவிட்டு அவன் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

அந்த 'வேற யாரு' அவளை நல்லாச் சுட்டது. ஸ்பேனரை எடுத்தாள். கழுத்தில் கிடந்த டேப்பை இழுத்து, தரையிலிருந்து சட்டம்வரை அளந்தாள். வளையத்தை முறுக்கினாள். மறுபடி அளந்தால், ஏற வேண்டிய மூலை இறங்கியிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் பாண்டி பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஸ்பேனர இப்பிடியா பிடிப்பாக? அடியில பிடி!"

"நீங்க நேரா உக்காருங்க."

நேராக உட்கார்ந்தான். அவள் குனிந்ததும் இந்தப் பக்கம் எட்டினான். பின்சக்கரத்துக்குப் போனால் பின்னால் திரும்பினான். "ஐயோ, மரை போயிரப்போகுது! மெதுவா!" அவன் அசைய அசைய வண்டியும் அசைந்தது. ஒரு மூலை அளவும் நிலைக்கவில்லை. பாவம், அவனும்தான் என்ன செய்வான்? தன் ஸ்பேனரை இன்னொருவர் கையில் பார்த்துக்கொண்டு சும்மா உட்காருகிற பழக்கம் அவனுக்கு இல்லை.

வேல்விழி ஸ்பேனரை டொங்கென்று தரையில் போட்டாள்.

"நான் ஓட்டணும்" என்றாள். "மொத நாள் பெட்டியப் பிரிச்சப்பவே எனக்கு அந்த ஆச. உங்க ஒன்றர மூட்டையப் பாத்ததுலேருந்து வயிறு எரியுது."

பாண்டி திகைத்துப்போய் அவளைப் பார்த்தான். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேட்டீகளா?"

அவன் கீழே கிடந்த ஸ்பேனரைப் பார்த்தான், ஸ்டீயரிங்கைப் பார்த்தான். அதை ஒருதரம் தடவிக்கொடுத்தான். ஆசை யாருக்குத்தான் இல்லை? பெருமூச்சு விட்டு இறங்கினான். ஆனால் ஸ்பேனர் கைக்கு வந்ததும் முகம் தானாகத் தெளிந்தது.

வேல்விழி ஏறி உட்கார்ந்தாள். நேரே பார்த்தாள். தினமும் நெரிசலில் உட்கார்ந்து பழகிய உடம்பு, இம்மியும் அசையவில்லை. பாண்டி நாலு மூலைக்கும் நிதானமாகப் போய்வந்தான். எதிர்மூலைகளும் கோபித்துக்கொள்ளாமல் அடங்கின. டேப் வைத்த இடமெல்லாம் சொன்ன அளவு வந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சிரிக்காத, வண்டி குலுங்குது" என்றான் அடியிலிருந்து.

பூட்டு வளையத்தையும் இறுக்கிவிட்டு எழுந்தபோது அக்பர் பாய் தொப்பியை மடித்துக்கொண்டே வந்தார். "முடிஞ்சுதுங்களா? ரெண்டு பேரும் ஊட்டுக்கு வாங்க, பிரியாணி தயாரா இருக்குது."

"அவளுக்கு வேணாம் பாய்" என்றான் பாண்டி. "அவ கனத்துக்குத்தான் வண்டி ஒசரத்த வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம ஓட்டி முடிக்கிற வரைக்கும் ஒரு கிலோ கூடப்புடாது. அவ பங்கையும் நானே தின்னுக்கிர்றேன்."