வெட்டினவன்ரை லப்டொப்

...இதுவும் எடுக்காது எண்டால் சுத்தியலாலைதான் அடிக்கவேணும், உந்த லப்டொப்பின்ரை நடுமண்டையிலை, திரை நொறுங்கி எழுத்துக்கட்டையள் எல்லாம் தெறிச்சு விழ... தெறிச்சு விழுந்தது விரல், அண்ணையின்ரை வலக்கை விரல் மூண்டு, குருநகரிலை எங்கடை வீட்டுப் படலையடியிலை, ரெண்டு வருசத்துக்கு முந்தி, நான்தான் பொறுக்கி மீன்பெட்டி ஐஸுக்கை வைச்சுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினனான், ஒண்டும் ஒட்டேல்லை, இப்ப வலை இழுக்க ஏலாமல் வீட்டுக்கை கிடக்கிறார் ஜெயசுதன் அண்ணை. “பிள்ளை, ஏதும் தெரியுதோ?” மேசைக்கு அங்காலை இருந்து பரமலிங்கம் கேக்கிறார். “பொறுங்கோ ஐயா.” ஐயாவாம், என்ரை வாய் எப்பிடிச் சொல்லுது? காலமை இந்தக் கொம்பியூட்டர் திருத்துற கடையைத் திறந்த கையோடை வந்த மனுசன், நீர்வேலியிலை இருந்து பஸ்ஸிலை, மகன் மோட்டச்சைக்கிள் விபத்திலை போய் ரெண்டு மாசம், லப்டொப் எழும்புதில்லை, பிள்ளையின்ரை படங்களை மட்டும் எடுத்துத் தந்தால் காணும் எண்டார். பற்றுத்துண்டிலை எழுத மகன்ரை பேரைக் கேட்டன். கோபிசங்கர். பேனை நிண்டுபோச்சு. அண்ணையின்ரை வாள்வெட்டு வழக்கிலை குற்றஞ்சாட்டின மூண்டாவது பேர், கோட்டிலை எத்தனை தவணை கூப்பிடக் கேட்ட பேர், செத்திட்டானாம்... எத்தனை தரம் மனசுக்குள்ளை அவன்ரை விரலை ஒவ்வொண்டா வெட்டி, கத்தக் கத்தக் காயத்திலை உப்பைத் தேய்ச்சிருப்பன், என்னட்டை அகப்படாமல் ஆர் அவனைச் சாகவிட்டது?

அவன்ரை விண்டோசும் செத்துப்போச்சு, டிஸ்க்கைக் கழட்டலாமெண்டால் அது போர்ட்டோடை சேத்து ஒட்டினது, பென் ட்ரைவாலை எழுப்ப விடாமல் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி வைச்சிருக்கிறான், நெட்வேர்க்காலை எழுப்புற வழி மட்டும் திறந்து கிடக்கு, ஆனால் இந்த மெல்லிசு லப்டொப்பிலை நெட்வேர்க் வயர் குத்த ஓட்டையில்லை. யூஎஸ்பியிலை குத்துற அடப்டர்தான் வழி. முதல் குத்தின வெள்ளை அடப்டரை இது கண்டுகொள்ளவேயில்லை, விண்டோஸ் இல்லாத நேரம் எல்லா அடப்டரும் உதுக்கு விளங்காது. இது ரெண்டாவது, கறுப்பு அடப்டர்... பச்சை லைற் மினுங்குது, முகவரி கேக்குது, கடை சேர்வர் குடுக்குது, புள்ளி, புள்ளி, புள்ளி... எழும்பிட்டுது. எங்கடை சேர்வரிலை இருக்கிற லினக்ஸ் வயராலை ஏறிப்போய் எழும்பி நிக்குது, அவன்ரை டிஸ்க் என்ரை கண்ணுக்கு முன்னாலை மல்லாந்து கிடக்கு. ஒரு வரி அடிச்சால் காணும். முழுக்க அழிஞ்சிடும். ஒண்டும் மிஞ்சேல்லை ஐயா எண்டு சொல்லலாம், சொல்லிப்போட்டு இந்தாளின்ரை முகத்தைப் பாக்கலாம், எங்கடை அம்மா ஆஸ்பத்திரி வாசல்லை தலையிலை அடிச்சுக் கத்தினமாதிரி இவரும் கத்தட்டும்...

அழிக்க முந்தி அவன்ரை மூஞ்சையை ஒருக்காப் பாப்பம். படங்கள், படங்கள், கோயில் திருவிழா, ஒரு நாய்க்குட்டி, பிறகு ஒரு வீடியோ, அந்தத் திகதி. அண்ணையை வெட்டினது பின்னேரம், இது அதே நாள் மத்தியானம் ஒண்டரை. ஹெட்போனைச் செருகினன். வாழைத்தோட்டம். ஒருத்தன் குப்புறக் கிடக்கிறான், முதுகு கிழிஞ்சு சேட்டு நனைஞ்சிருக்கு, மேலை ஒருத்தன் நிண்டு வாளாலை கொத்துறான், திரும்பவும் கொத்துறான், வீடியோ நடுங்குது, வீடியோ எடுக்கிறவன் அழுது குழறுறான், “விடுங்கோ அண்ணை, செத்திடுவான், விடுங்கோ!” கொத்தினவன் திரும்பிப் பாக்கிறான். ஐஞ்சு விரலும் உள்ள கை. எங்கடை அண்ணை. அண்டைக்கு முழுக்கக் கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்தனான் எண்டு அந்தோனியார் மேலை சத்தியம் பண்ணின அண்ணை.

“அவன்ரை முகம் ஏதும் இருக்கோ, பிள்ளை?”

“ஓம் ஐயா... நிறைய இருக்கு.” அந்தாள் மேசையிலை தலையைக் கவிழ்த்தார், தோள் குலுங்குது. படங்களைக் கொப்பி பண்ண விட்டன், எல்லாம் போகுது, வீடியோ ஒண்டிலைதான் கை நிக்குது, குடுக்கிறதோ, அழிக்கிறதோ, என்ரை பையுக்கை வைக்கிறதோ... அப்ப கெஞ்சினவன் இந்தக் கோபிசங்கரோ, பின்னேரம் வெட்ட வந்தவங்களோடை எங்கடை படலைக்கு வந்தவனும் இவன்தானோ? ரெண்டும் இவன்தானாக்கும். ஆர் வெட்டினவன், எத்தினை பேர் வந்தவங்கள், ஆர் முதல் கையைப் பிடிச்சவன், எல்லாம் அண்ணையைக் கேட்டனான், திருப்பித் திருப்பிக் கேட்டனான். ஏன் வந்தவங்கள் எண்டு மட்டும் ஒருநாளும் கேக்கேல்லை. கேக்கத் தோணாமல் விட்டனானோ... இல்லாட்டித் தெரிஞ்சுதான் கேக்காமல் இருந்தனானோ?